நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்

சுண்டுவை வேலைக்கு எடுத்த மேலாளர், அவள் வேலையில் சேருவதற்கு நான்கு நாள் முன்னால் வேலையை விட்டுப் போயிருந்தார்.

இந்தச் சேதி வரவேற்பறையில் வைத்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. காலை எட்டே முக்காலுக்கே வந்து, சான்றிதழ் உறையை மடியில் வைத்துக்கொண்டு, கால் மேல் கால் போடலாமா கூடாதா என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தாள். பணியாளர் பிரிவில் இருந்த ஒரே ஆள் ஒன்பதரைக்கு வந்தார். எந்நேரமும் கக்கத்தில் ஒரு ஃபைலை இடுக்கிக்கொண்டே நடப்பதால் அலுவலகத்தில் அவருக்கு ஃபைல் சார் என்று பெயர்.

"உங்களை எந்தப் பிரிவுக்கு எடுத்தார்?"

"சொல்லலைங்க சார்."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். வந்ததும் சொல்றேன்னார்."

ஃபைல் சார் கூரையைப் பார்த்தார். "வந்தது நீங்க. போனது அவர். இப்ப நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

சுண்டு வீட்டில் மூன்று பெண்களில் கடைசி. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள் என்று அப்பா யாரிடமோ சொல்ல, அது பெயராகவே ஒட்டிக்கொண்டது. வணிக நிர்வாகத்தில் பட்டம் வாங்கியும் உதிரவில்லை. பட்டம் வாங்கி எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் இரண்டு வருட அனுபவம் கேட்டது. "அந்த ரெண்டு வருஷத்தை எந்தக் கடையில விக்கிறாங்கன்னு கேட்டுட்டு வா, நான் வாங்கித் தர்றேன்" என்று நர்ஸ் வேலை பார்க்கும் பெரியக்கா சொன்னாள். கடைசியில் கிடைத்ததுதான் இது. கட்டிடங்களுக்கு லிஃப்ட் பொருத்தி, பொருத்தியதைப் பழுது பார்க்கும் கம்பெனி. மூன்று மாதப் பயிற்சி, முடிவில் அனுபவச் சான்றிதழ்.

விற்பனைப் பிரிவின் தலைவர் வெயில் கொளுத்தினாலும் கழுத்துப் பட்டையைத் தளர்த்தாதவர். அவரை டை சார் என்றார்கள். "நான் ஆள் கேட்டது போன வருஷம். இப்ப வேண்டாமே" என்றார் அவர். பழுது பார்க்கும் பிரிவின் தலைவி இஞ்சினியர். இரண்டு கையிலும் இரண்டு போன் வைத்துக்கொண்டு, மூன்றாவது ஆளிடம் பேசிக்கொண்டிருப்பவர். சர்வீஸ் மேடம். அவர் சுண்டுவை ஏற இறங்கப் பார்த்து, "வயரிங் தெரியுமா?" என்றார். "பிசினஸ் படிச்சிருக்கேன் மேடம்." "அப்ப விற்பனைக்குப் போ."

விற்பனையிலிருந்துதான் வந்திருந்தாள். திரும்ப ஃபைல் சாரிடமே போய் நின்றாள். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அன்றைக்கு யார் லீவோ அவர்கள் நாற்காலியில் அவள் உட்கார வேண்டியது.

அப்படித்தான் இரண்டு மாதம் ஓடியது. ஒரு நாள் கடிதம் தட்டினாள். ஒரு நாள் ஸ்டோரில் திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்தாள். இன்னொரு நாள் 'எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்ற ஒட்டுத்தாளில் 'எட்டு' கோணலாக விழுந்திருக்கிறதா என்று நானூறு தாளைப் பார்த்தாள். யாருடைய வேலையைத் தொட்டாலும் அவர் மறுநாள் வந்து, "இதை யார் இங்க மாத்தி வெச்சது?" என்று கேட்டார். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று கல்லூரியில் நான்கு கட்டம் போடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மதியம் நோட்டில் அந்தக் கட்டங்களைப் போட்டு, தன்னை எதில் எழுதுவது என்று தெரியாமல் நடுக்கோட்டின் மேல் ஒரு புள்ளி வைத்தாள்.

அலுவலகத்தில் அவளை எல்லோரும் புதுப்பொண்ணு என்று கூப்பிட்டார்கள். ஒரு நாள் செல்போனை மறந்து வீட்டில் வைத்துவிட்டாள் என்று அப்பா அலுவலக எண்ணுக்கு அடித்தார். எடுத்தவர், "புதுப்பொண்ணா? மாடியில டை சாரோட இருக்கு" என்று சொல்லிவிட்டார். அச்சகத்தில் புத்தகம் தைத்துக்கொண்டிருந்த மனிதர் பசைக் கையோடு கிளம்பி வந்துவிட்டார். விளக்கிச் சொல்லித் திருப்பி அனுப்புவதற்குள் சுண்டுவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. போகும்போது அவர் கேட்டார், "அது சரி, உனக்கு இங்க என்னதான் வேலை?"

"அதைத்தான் ரெண்டு மாசமா நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்பா."

மூன்றாவது மாதத் தொடக்கத்தில் போன் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. புகார் வரும் தொலைபேசியை ஒன்பது வருடமாக எடுப்பவள். பேச்சுதான் அவள் பிழைப்பு. பேச்சில்லாமல் வந்து என்ன செய்வாள்? அந்த நாற்காலி சுண்டுவுக்கு வந்தது.

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. கட்டிடத்தின் பெயர் கேட்கவும். எந்த மாடி என்று கேட்கவும். உள்ளே எத்தனை பேர் என்று கேட்கவும். மெக்கானிக் கிளம்பிவிட்டார் என்று சொல்லவும்.

"கிளம்பலைன்னா?" என்று பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டாள்.

"கிளம்பத்தானே போறாங்க" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

பத்து இருபதுக்கு மணி அடித்தது.

"அம்மா, இது லிஃப்ட் ஆபீஸா?" ஒரு பெண்ணின் குரல், யாரோ தூங்குகிறார்கள் என்பது போல அடக்கி வந்தது. "உள்ளே ஒட்டியிருக்கிற நம்பரைப் பார்த்துப் பேசறேன். நின்னுபோச்சு."

"எந்த மாடிங்க?"

"நாலுன்னு காட்டுது. இருங்க, இப்ப அஞ்சு. திரும்பவும் நாலு. அதுக்கே குழப்பமா இருக்கு போலிருக்கு."

அந்தப் பெண் கட்டிடத்தின் பெயரைச் சொன்னாள். உள்ளே அவள் ஒருத்திதான். சுண்டு இன்னொரு போனில் மெக்கானிக்கைப் பிடித்தாள். ஆறடி மூன்றங்குலம் இருப்பான். நெட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவன் ஊரின் மறுகோடியில் ஒரு லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தான். "முடிச்சுட்டு வர நாப்பது நிமிஷம் ஆகும். கிளம்பிட்டேன்னு சொல்லிடு" என்றான்.

சுண்டு தாளைப் பார்த்தாள். பிறகு போனில், "ஆள் இன்னும் கிளம்பலைங்க. நாப்பது நிமிஷம் ஆகும்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. வாயில் வந்தது அதுதான்.

மறுமுனையில் ஏதோ காகிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"பதினொரு மணிக்கு எனக்கு இண்டர்வியூம்மா. ஆறாவது மாடியில. நேரத்துக்கு வரணுமேன்னு முக்கால் மணி முன்னாடியே வந்தேன்."

"என்ன வேலைங்க?"

"ஆபீஸ் நிர்வாகம்னு போட்டிருந்துச்சு. எனக்கு இதுதான் முதல் வேலை. ஐம்பத்தொரு வயசாகுது. சிரிக்காதே."

சுண்டு சிரிக்கவில்லை. அவளுக்கும் இதுதான் முதல் வேலை.

"நானும் பட்டம் வாங்கினவதான்" என்று அந்தம்மாள் தொடர்ந்தாள். "வாங்கின கையோட கல்யாணம். இவங்க கொடுத்த ஃபாரத்துல அனுபவம்னு ஒரு கட்டம் இருக்கு. மூணு நாளா பார்க்கறேன், ஒண்ணும் எழுத வரலை. நீ வேலை பார்க்கறே. நீ என்னம்மா எழுதினே?"

"நானும் ஒண்ணும் எழுதலைங்க. எனக்கு வேலை கொடுத்தவர் ஓடிப்போயிட்டார்."

அந்தம்மாள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. "விளக்கு அணைஞ்சுபோச்சு" என்றாள். குரல் மாறிவிட்டது. "இது விழுந்துடுமா?"

லிஃப்ட் விழுமா விழாதா என்று இரண்டு மாதம் லிஃப்ட் கம்பெனியில் இருந்தும் சுண்டுவுக்குத் தெரியாது. ஒரு காதில் அந்தம்மாளை வைத்துக்கொண்டு, மறு காதில் வெளியே போயிருந்த சர்வீஸ் மேடத்தைக் கூப்பிட்டாள். "கயிறு ஆறு இருக்கு, ஒண்ணே தாங்கும்னு சொல்லு. காத்து வரும், மூச்சு முட்டாது. கதவைக் கையால பிளக்க வேண்டாம். தரையில உட்காரச் சொல்லு" என்றார் மேடம். சுண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கயிறு ஆறு என்பதை மட்டும் அந்தம்மாள் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

பேச்சு நின்றால் பயம் பிடித்துக்கொள்ளும் என்று தோன்றியது. "வீட்டை விட்டு வெளியில எதுவுமே செஞ்சதில்லையா?" என்று கேட்டாள்.

"என்ன செஞ்சேன்... எங்க குடியிருப்புல வண்டி நிறுத்தற இடத்தைப் பிரிச்சு விடுவேன். அறுபது வீடு, நாற்பது இடம். யாருக்கு எந்த நாள், விருந்தாளி வந்தா எங்கே, ஆம்புலன்ஸ் வந்தா எதை நகர்த்தறதுன்னு பன்னிரண்டு வருஷமா நான்தான். ஒருத்தரும் சண்டை போட்டதில்லை."

"அதை எழுதுங்க!"

"அது வேலையா?"

"எங்க படிப்புல அதுக்குத் தனிப் பாடமே இருக்குங்க. நான் அதுல ரெண்டாவது தடவைதான் தேறினேன்."

செல்போன் வெளிச்சத்தில், முழங்கால் மேல் ஃபாரத்தை வைத்து எழுதுகிற சத்தம் கேட்டது. "ஒதுக்கீட்டுல வர்றது 'கி'யா, 'கீ'யா?" என்றுகூட ஒரு தடவை கேட்டாள்.

மணி பத்து ஐம்பது. நெட்டை இப்போதுதான் பாலத்தைத் தாண்டியிருந்தான். சுண்டு அந்தம்மாளிடம் இண்டர்வியூ கடிதத்தில் இருந்த எண்ணை வாங்கி, ஆறாவது மாடிக்கு அடித்தாள்.

"சார், உங்க இண்டர்வியூவுக்கு வந்தவங்க உங்க லிஃப்டுலயே மாட்டிக்கிட்டிருக்காங்க. அவங்க நேரத்துக்கு வந்துட்டாங்க. தப்பு எங்களோடது. அதை எழுதிக்கிட்டீங்கன்னா நல்லது."

பதினொன்று ஐந்துக்கு நெட்டை போய்ச் சேர்ந்தான். மேலே அறையில் ஏறிக் கூண்டை மெல்ல நகர்த்தி, ஐந்தாவது மாடியில் கதவைத் திறந்துவிட்டான். "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று அவன் குரல் கேட்டது. அந்தம்மாள், "பேர்கூடக் கேக்கலையேம்மா" என்று ஆரம்பித்து, நேரமாகிவிட்டது என்று படியில் ஓடிவிட்டாள். போன் கட்டாகிவிட்டது.

மத்தியானம் டை சார் கூப்பிட்டனுப்பினார். முகம் சிவந்திருந்தது.

"தப்பு எங்களோடதுன்னு சொன்னியாமே? ஆறாவது மாடி யாரோட ஆபீஸ் தெரியுமா? அந்தக் கட்டிடத்துக்கே சொந்தக்காரங்க. அடுத்த மாசம் நம்ம ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். யார் உன்னை மன்னிப்புக் கேக்கச் சொன்னது?"

வெளியே வந்தால் சர்வீஸ் மேடம் எதிரே வந்தார். முதல் தடவையாக இரண்டு போனையும் பையில் போட்டுவிட்டு, "நல்லாச் சமாளிச்சே. சரியாத்தான் சொன்னே" என்று தோளில் தட்டினார்.

மறுநாள் கதை தலைகீழாகிவிட்டது. கட்டிடத்துக்காரர் டை சாருக்கு போன் போட்டு, உங்கள் பெண் தன்மையாகப் பேசினாள் என்றாராம். டை சார் அவளை நாலு பேர் முன்னால் நிறுத்தி, "இப்படி இருக்கணும் வாடிக்கையாளர் சேவை" என்றார். சர்வீஸ் மேடத்துக்கோ மூக்கு விடைத்திருந்தது. அவர் மேஜை மேல் பட்டாணி அளவில் ஒரு கல் இருந்தது.

"கதவு ஓடற பள்ளத்துல இது கிடந்திருக்கு. கதவு இம்மி விலகினாலும் லிஃப்ட் நடுவழியில நின்னுடும். அவங்க ஆளுங்க தரையைப் பெருக்கி நேரா பள்ளத்துக்குள்ள தள்ளியிருக்காங்க. கல்லு அவங்களோடது, தப்பு நம்மளோடதா? யாரைக் கேட்டுச் சொன்னே?"

"நேத்து நீங்கதான் மேடம், சரின்னு..."

"நேத்து எனக்குக் கல்லு தெரியாது."

சுண்டு தன் இடத்துக்குத் திரும்பலாம் என்று பார்த்தாள். அன்றைக்கு போன் அக்கா கம்மிய குரலோடு வந்துவிட்டாள்; வேறு யாரும் லீவு இல்லை. ஸ்டோரில் போய்த் திருகாணிகளுக்கு நடுவில் நின்றாள். நேற்றுச் செய்தது சரியா தவறா என்று யாராவது ஒரே நாளில் ஒரே பதிலாகச் சொன்னால் தேவலை என்றிருந்தது.

பத்து நாளில் கட்டிடத்துக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. முதல் பத்தியில், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, வேறு கம்பெனியைப் பார்த்துக்கொண்டோம் என்று இருந்தது. இரண்டாவது பத்தியில், அன்று தொலைபேசியில் பேசிய பெண்ணுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி என்று இருந்தது. டை சார் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு ஃபைல் சாரிடம் தள்ளினார். ஃபைல் சார் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் புகார் ஃபைலிலும் ஒன்றைப் பாராட்டு ஃபைலிலும் வைத்தார்.

சுண்டுவுக்கு மனசு ஆறவில்லை. ஆறாவது மாடிக்கே அடித்து, அன்றைக்கு வந்த அம்மாளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"அவங்களா? வேலை கொடுத்தோம்ங்க. அந்த வண்டி நிறுத்தற சமாசாரத்தைக் கேட்டு எங்க சாருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க. தினமும் இந்த லிஃப்டுலயா வரணும்னு கேட்டாங்க."

போனை வைத்ததும் சுண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தம்மாள் வேறு எங்கேயாவது தரைத்தளமாகப் பார்த்து விண்ணப்பம் போட்டிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுவும் நிச்சயமில்லை.

கல் மட்டும் மண்டைக்குள் உருண்டுகொண்டே இருந்தது. போன் அக்காவின் குரல் முழுசாகத் திரும்பியதும், அவளுடைய ஒன்பது வருடப் புகார் நோட்டுகளைக் கேட்டு வாங்கினாள். "எதுக்குடி? அதுல ஒரே அழுகையும் திட்டும்தான் இருக்கு" என்றாள் அக்கா. பார்த்தால் பாதிக்கு மேல் கதவுப் பிரச்சினை. அதிலும் திங்கள்கிழமைக் காலையில்தான் அதிகம். ஏன் திங்கள் என்று நெட்டையைக் கேட்டாள். அவன், "சனிக்கிழமை சாயங்காலம்தானே எல்லா இடத்திலயும் கழுவி விடுறாங்க" என்றான், இதைப் போய்க் கேட்கிறாயே என்பது போல.

அவள் ஒரு பக்கம் எழுதினாள். துப்புரவு ஆட்களிடம் போய்ப் பள்ளத்தைக் காட்டி, ஒரு சின்னத் தூரிகை கொடுத்தால் புகார் குறையும் என்பதுதான் சாரம். டை சார் படித்துவிட்டு, "இது சர்வீஸ்" என்றார். மேடம் பிரிக்காமலே, "வாடிக்கையாளர்கிட்டப் பேசறது விற்பனை" என்றார். தாள் ஃபைல் சாரிடம் போனது. அவர் அதை எந்த ஃபைலில் வைப்பது என்று கக்கத்தைச் சொறிந்தார்.

பயிற்சியின் கடைசி வெள்ளிக்கிழமை, ஃபைல் சார் அவளிடம் கம்பெனி பெயர் அச்சிட்ட ஒரு வெற்றுத் தாளை நீட்டினார்.

"அனுபவச் சான்றிதழ். நீயே எழுதிக்கிட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நீ என்ன பண்ணினேன்னு இங்க யாருக்கும் சரியாத் தெரியலை."

'வாடிக்கையாளர் உறவு மேலாண்மையில் சிறப்புப் பங்காற்றினார்' என்று எழுதிப் பார்த்தாள். யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் படிப்பது போல இருந்தது; அடித்தாள். 'திருகாணிகளைப் பிரித்தார்' என்று எழுதினாள். அது உண்மைதான், ஆனால் அப்பாவிடம் காட்ட முடியாது. மூன்று மணிவாக்கில் ஒரு வரி நின்றது. 'லிஃப்டில் மாட்டிக்கொண்டவரோடு நாற்பத்தைந்து நிமிடம் பேசினார். பிறகு லிஃப்ட் ஏன் நின்றது என்று தேடினார்.' இதற்கு என்ன பெயர் என்று எந்தப் பாடத்திலும் சொல்லவில்லை.

அதோடு ஃபைல் சார் அறைக்குப் போனால், அங்கே சர்வீஸ் மேடம் நின்றுகொண்டிருந்தார். கையில் அவளுடைய ஒரு பக்கம். இந்த முறை பிரித்திருந்தார்.

"இதை எழுதினது நீயா?"

"ஆமா மேடம்." திட்டா பாராட்டா என்று முகத்தில் தேடினாள், ஒன்றும் புரியவில்லை.

"இந்தத் திங்கக்கிழமை பதினாலு புகார். பதினொண்ணு கதவு. நான் எண்ணிப் பார்த்தேன்." தாளை மடித்தார். "கட்டிடம் கட்டிடமாப் போய்ப் பெருக்கறவங்ககிட்டப் பேச ஒரு ஆள் வேணும். அது யாரோட வேலைன்னு இவரும் நானும் அரை மணியாப் பேசிக்கிட்டிருக்கோம். முடிவுக்கு வர மாட்டேங்குது. நீ வர்றியா?"

"பயிற்சியா மேடம்?"

"சம்பளத்துக்குத்தான். அதை மட்டும் கேட்டு வாங்கிட்டேன்."

"எந்தப் பிரிவு?"

மேடம் ஃபைல் சாரைப் பார்த்தார். ஃபைல் சார் மேடத்தைப் பார்த்தார்.

சுண்டு கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தாள். இதை வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கம்பெனிகளுக்கு மறுபடி விண்ணப்பம் போடலாம். அப்பாவின் ஆசை அதுதான். இங்கே இருந்தால் என்ன ஆவாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே போனாலும் யாரும் சொல்லப் போவதில்லை. அந்தப் பள்ளம் எப்படி இருக்கும் என்று அவள் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"வர்றேன் மேடம்."

"திங்கக்கிழமை ஏழரைக்கு வா. நெட்டையோட போ. இந்த மெல்லிசுச் செருப்போட மெஷின் அறைக்குள்ள வராதே. கனமான ரப்பர் அடி வெச்ச ஷூ வாங்கிக்க."

அன்று சாயங்காலமே அப்பா அவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம், "அக்கம்பக்கத்துல கேட்டா நான் என்னன்னு சொல்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "வேலை கிடைச்சிருச்சுன்னு சொல்லுங்கப்பா." "அது சரி. என்ன வேலைன்னு கேப்பாங்களே?" "அதுக்குள்ள நானே கண்டுபிடிச்சுச் சொல்றேன்." அவர் பாதி சமாதானம் ஆனார்.

செருப்புக் கடைக்காரர் அவள் காலை அளவுச் சட்டத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எந்த மாதிரி வேலைக்குங்க?"

அப்பா அவளைப் பார்த்தார்.

"லிஃப்ட்" என்றாள் சுண்டு.

"விக்கிறதா, ரிப்பேர் பார்க்கிறதா?"

"ரெண்டும் இல்லைங்க. பெருக்கறவங்ககிட்டப் பேசறது."

கடைக்காரர் ஏணியை இழுத்துப் போட்டு, மேல்தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து இறங்கினார். "இதைப் போட்டு நடந்து பாருங்க" என்றார். "எங்கே பிடிக்குதுன்னு சொல்லுங்க."

சுண்டு ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். கடை வாசல் வரை நடந்தாள், திரும்பி நடந்தாள். இடது கால் கொஞ்சம் பிடித்தது.